வழிச்செலவு

கல்லாங்காட்டுப்பாளையத்து லாரிக்காரர்கள் ஏமாந்துபோய்த்தான் குட்டையானார்கள் என்று இப்போது வெளியூர்களில் பேசிக்கொள்கிறார்கள், அது சுத்தப் பொய், ஏனென்றால் ஏற்றம் என்ற தனியார் முதலீட்டு நிதியின் ஆலோசகர் நிரஞ்சன் எல்லாவற்றையும் மைக்கில்தான் சொன்னார், லாரி உரிமையாளர் சங்கத்து மாடியில் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், அன்றைக்கு அங்கே போண்டா பரிமாறிக்கொண்டிருந்தவன் நான் என்பதால் காதாரக் கேட்டேன். "உங்க பணத்துல ஒரு பைசாவைத் தொட மாட்டோம் சார். எங்க கட்டணத்தை உங்க உயரத்துல பிடிச்சுக்குவோம். வருஷத்துக்கு நூத்துக்கு ரெண்டு. லாபம் வர்ற அன்னைக்கு உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு. நிதிக்காக நாங்க செய்யற செலவு தனி, அதுவும் உயரத்துலதான். நிதியால எனக்கு ஏதாவது கெடுதல் வந்தா, அது எப்ப வந்தாலும், அந்தச் செலவும் உங்களைச் சேரும்" என்றார்.

சங்கத் தலைவர் பொங்கியண்ணன், ஊரிலேயே அதிக லாரிகளுக்குச் சொந்தக்காரர், எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஒசரமுங்களா? அதை வெச்சுட்டு இத்தனை நாளா நாம என்னத்தைக் கண்டோம்? வாசப்படியில தலைய இடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். எடுத்துக்கச் சொல்லுங்க." பணத்தைக் கேட்டால் வட்டம் போட்டு உட்கார்ந்து வாரக்கணக்கில் யோசிக்கிற ஊர், உயரத்தைக் கேட்டதும் ஒரு போண்டாவைத் தின்று முடிக்கிற நேரத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டது.

செலவு விஷயத்தில் யாருக்காவது சந்தேகம் உண்டா என்று நிரஞ்சன் பெருந்தன்மையாக ஒருமுறை கேட்கக்கூடச் செய்தார், அதற்கு எங்கள் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. எங்கள் ஊரில் லாரி என்றாலே பங்கு லாரிதான், இரண்டு பேர் மூன்று பேர் சேர்ந்து வாங்குவார்கள், ஒருவர் ஓட்டுவார், நாக்பூரோ ஆமதாபாத்தோ போய்வந்து, வழியில் டயர் போனது, செக்போஸ்டில் கொடுத்தது, டீ குடித்தது, தேங்காய் உடைத்தது எல்லாம் சேர்த்து ஒரு வார்த்தையில் வழிச்செலவு இவ்வளவு என்று சொல்வார், மற்ற பங்காளிகள் சரி என்று தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். வழிச்செலவுக்குக் கணக்குக் கேட்பது என்பது கேட்கப்பட்டவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். முன்பு ஒருத்தர் தன் மச்சானிடம் எந்த ஊரில் பஞ்சர் ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தன் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லாமல் தாலி கட்ட வைத்தார். அப்படிப்பட்ட மானஸ்தர்கள், கோட் போட்ட ஒரு மனிதரிடம் போய் செலவென்றால் என்ன செலவு என்று கேட்பார்களா? "அதெல்லாம் வழிச்செலவு, நமக்குத் தெரியாததா" என்று அடுத்த தட்டு போண்டாவுக்குக் கை நீட்டினார்கள்.

பணம் வடக்கே எங்கேயோ ஒரு குளிர்பதனக் கிடங்கில் போடப்பட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் முதலீட்டாளர்கள் தூங்கி எழுந்தபோது வேட்டி தரையில் லேசாகப் புரண்டது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரண்டது. வேட்டியைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டிக்கொண்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும். டெய்லர் காளியப்பன் ஒவ்வொரு காலாண்டுக்கும் பேண்ட்டுகளை வெட்டித் தைத்தே மாடி எடுத்துவிட்டார். செருப்புக் கடையில் பிள்ளைகள் பகுதிக்குப் பெரியவர்கள் மீசையை முறுக்கியபடி போய் வந்தார்கள். பணம் போட்டவன்தானே குறைவான், போடாதவன் எங்கே குறைவது என்ற கணக்கில், குட்டையாக இருப்பதே அந்தஸ்தாகிவிட்டது, கல்யாணத் தரகர்கள் "பையன் ரொம்பக் குட்டைங்க, நல்ல எடம், விட்றாதீங்க" என்று சொல்லிக் காரியத்தை முடித்தார்கள், பணமில்லாதவர்கள் விசேஷங்களில் முழங்காலை மடக்கி நடந்தார்கள். நிதியில் போட என்னிடம் ஒன்றும் இல்லாததால் நான் வளர்ந்த உயரத்திலேயே நின்றேன், வங்கி மேனேஜர் என்னை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில் கடன் கிடையாது என்றார். வீடுகளில் அப்பாக்கள் வளர்ந்த மகன்களை, "திட்டோணும், கொஞ்சம் குனிடா" என்று கூப்பிட்டுத் திட்டினார்கள். மாரியம்மன் பல்லக்கைச் சுமப்பதில் முன்னால் முதலீட்டாளர்களும் பின்னால் கூலிக்காரர்களும் நின்றதால் அம்மன் முன்பக்கம் சரிந்தபடியே ஊர்வலம் போனாள், ஆத்தா குனிந்து ஆசீர்வதிக்கிறாள் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

பிடித்த உயரம் எங்கே போகும்? நிரஞ்சனுக்குத்தான் போயிற்று. வந்த புதிதில் பொங்கியண்ணன் தோளளவுக்கு இருந்தவர் பனைமரத்துக்குப் பங்காளி போல வளர்ந்தார். அவர் வளர்ந்ததால் அலுவலகக் கூரையை உயர்த்த வேண்டியிருந்தது, அது வழிச்செலவு. காரின் மேல்தகட்டை வெட்டி எடுத்தார்கள், மழை பெய்ததால் வேறு கார் வாங்கினார்கள், இரண்டும் வழிச்செலவு. அவர் கால் அளவுக்குச் சப்பாத்து இந்தியாவில் கிடைக்காமல் சுவிட்சர்லாந்துக்குக் குடும்பத்தோடு போய்த் தேடினார், குடும்பம் இல்லாமல் எப்படித் தேடுவது, வழிச்செலவு. கழுத்து வலிக்கு வைத்தியமும் அதில்தான் சேர்ந்தது, எங்களைக் குனிந்து பார்த்துப் பார்த்து வந்த வலியாதலால் அதில் நியாயமும் இருந்தது. குளிர்பதனக் கிடங்குக்கு ஆலோசனை சொன்னதற்கு அவர் அந்தக் கிடங்கிடமும் தனிக் கட்டணம் வாங்கினார், கிடங்குக்கு உயரத்தில் கொடுக்க வழியில்லை, கிடங்கோ எங்களுடையது, ஆகவே அதையும் எங்கள் உயரத்திலேயே பிடித்துக்கொண்டார். நூற்றுக்கு இரண்டு என்று பேசிய கட்டணம் ஒரு மயிரளவு, மிச்சமெல்லாம் வழிச்செலவு என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஊரில் அர்த்தநாரி என்று ஒருவர் இருந்தார், நெட்டை அர்த்தநாரி என்றால் சங்ககிரி வரைக்கும் தெரியும், லாரிக்குள் ஏறும்போது எல்லோரும் கம்பியைப் பிடித்து ஏறினால் அவர் வீட்டுப்படி ஏறுவது போல ஏறுவார். பாதிப் பங்கு லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார், முழுசாகத் தன் பெயரில் ஒரு லாரி வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை, அந்த ஆசையில்தான் ஏற்றத்தில் பணம் போட்டார். அவர் மனைவி பூவாயி லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவள், ஒரு முழுத் தார்ப்பாயைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுவாள். "ஒசரமுன்னா சும்மா வந்துச்சுங்களா? உங்கம்மா கம்பஞ்சோறு ஊட்டி வளத்தது" என்று அவள் அன்றே சொன்னாள். அவர் கேட்கவில்லை.

மற்ற முதலீட்டாளர்கள் ஆள் வைத்து லாரி ஓட்டுகிற முதலாளிகள், உட்கார்ந்து தின்கிற உடம்பு எந்த உயரத்தில் இருந்தால் என்ன? அர்த்தநாரி அப்படியில்லை. கைக்கு ஸ்டியரிங் எட்டினால் போதாது, லாரிக்காரனுக்குக் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். முதல் வருடம் சீட்டை முன்னால் தள்ளினார். அடுத்த வருடம் முதுகுக்குத் தலையணை வைத்தார். அதற்கும் பிறகு பெடலில் மரக்கட்டை கட்டினார், கட்டை மேல் கட்டை கட்டினார். பெங்களூரிலிருந்து சரக்கேற்றித் திரும்புகையில் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அந்தக் கட்டை நழுவியது. பிரேக் எங்கோ கீழே இருந்தது, கால் எங்கோ மேலே இருந்தது, நடுவில் நிரஞ்சனுடைய சுவிட்சர்லாந்து இருந்தது. ஓரத்து மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு அர்த்தநாரி நழுவிய கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார். முன்னால் போன வேனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் நிரஞ்சனைப் பார்க்கப் போய், தன் பங்கைக் கொடுத்து விட்டுவிடும்படி கேட்டார். பத்து வருடம் முடியாமல் யாரும் வெளியே போக முடியாது என்று நிரஞ்சன் மேலேயிருந்து அன்பாகச் சொன்னார். அப்போதுதான் அர்த்தநாரி எங்கள் ஊரில் யாரும் கேட்காததைக் கேட்டார்.

"அப்படீன்னா வழிச்செலவுக்குக் கணக்குச் சொல்லுங்க."

நிரஞ்சன் கோபப்படவே இல்லை. "தாராளமா கேளுங்க சார், அது உங்க உரிமை. கணக்கு எடுக்கற ஆடிட்டர் செலவு மட்டும் நிதியில சேரும்" என்றார். விடிந்தபோது ஊரில் எல்லா வேட்டியும் புரண்டது. அர்த்தநாரி விடவில்லை, நிதிகளைக் கண்காணிக்கிற மேலிடத்துக்கு மனு எழுதினார், மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், நல்லவர்கள், என் போண்டாக் கடையில்தான் சாப்பிட்டார்கள், விசாரித்து, செலவை இஷ்டத்துக்கு ஏற்றியது தப்புத்தான் என்று நிரஞ்சனுக்கு அபராதம் போட்டார்கள். அந்த அபராதம், அதை எதிர்த்து வாதாடிய வக்கீல், வக்கீல் வந்த விமானம், எல்லாம் நிதியின் பொருட்டு ஏற்பட்ட செலவு என்பதால் ஊர் அந்த ஒரே மாதத்தில் ஒரு சாண் இறங்கியது.

சங்கத்தில் கூட்டம் போட்டு அர்த்தநாரியை வரச்சொன்னார்கள். பொங்கியண்ணன் மேஜை மேல் ஏறி நின்று பேசினார், கீழே நின்றால் பின்வரிசைக்குத் தெரியமாட்டார்.

"நீங்க கேள்வி கேக்கறதுக்கு நாங்க ஏனப்பா குட்டையாகோணும்?"

"அண்ணா, வழிச்செலவுன்னா சொல்றவன் பங்கும் அதுல இருக்கோணும்" என்றார் அர்த்தநாரி. "நான் நூறு ரூவான்னு சொன்னா என்ற பாக்கெட்டுல இருந்தும் அம்பது போவுதில்லீங்களா? அதனாலதான நம்மூர்ல ஒருத்தரும் கணக்குக் கேக்கறதில்லை. இவரு ஒரு வெரக்கடையாச்சுங் கொறைஞ்சாரா? ஒசந்துட்டே போறாரு."

அப்பனும் பாட்டனும் கடைப்பிடித்த மரியாதைக்கு இப்படி ஒரு அஸ்திவாரம் இருந்தது என்பதே கூட்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் உறைத்ததை ஒப்புக்கொண்டால் இத்தனை நாள் குட்டையானது அந்தஸ்து இல்லை, அசட்டுத்தனம் என்றாகிவிடும், கொடுத்த உயரமும் திரும்பி வராது, மானமும் போய்விடும். "அதெல்லாம் பெரிய எடத்து வெசயம். நீங்க மன்னிப்புக் கேட்டாத்தான் சங்கத்துல லோடு" என்று பொங்கியண்ணன் முடித்தார். சங்கம் பிரித்துக் கொடுக்கிற லோடு இல்லாமல் எப்படிப் பிழைப்பது? அர்த்தநாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரே பயம்தான், லாபம் வந்துவிடுமோ என்ற பயம். லாபம் வந்தால் மிச்சமுள்ளதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதனால் குளிர்பதனக் கிடங்கு நஷ்டப்பட வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் மாலை போட்டோம், கருப்பணனுக்குக் கிடா வெட்டினோம், வடக்கே மின்சாரம் தடைப்பட்டது என்று டிவியில் சொன்னால் ஒருவருக்கொருவர் சர்க்கரை கொடுத்துக்கொண்டோம். உள்ளே இருந்த உருளைக்கிழங்கு அழுகவேண்டும் என்று பெண்கள் வெள்ளிக்கிழமை விரதம் இருந்தார்கள். தெய்வங்களுக்கு இப்படி ஒரு வேண்டுதல் பழக்கமில்லாததால் எல்லாவற்றையும் தலைகீழாக எடுத்துக்கொண்டன போலிருக்கிறது, கிடங்கு அமோகமாக விலைபோனது, பத்து வருடம் முடிந்ததும் எல்லோர் பணமும் இரட்டிப்பாகிக் கைக்கு வந்தது. ஒரு பைசா குறையவில்லை. நிரஞ்சன் சொன்ன சொல் தவறாதவர்.

அர்த்தநாரி இப்போது பூவாயியின் இடுப்புக்கும் கீழே நின்றார். இருந்தாலும் ஆசை உயரம் பார்த்துக் குறைவதில்லை, சேலத்துக்குப் போய் முழுசாகத் தன் பெயரில் ஒரு புது லாரி எடுத்தார். பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. கோயிலிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் தரை இறக்கமாகப் போகும் இடம் அது. நிதியின் வெற்றிக்கு இந்த லாரியே சாட்சி என்று நிரஞ்சனே தலைமை தாங்க வந்திருந்தார், சாலையோரத்தில் இரண்டு காலையும் அகட்டி நின்றார், நாங்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அவருடைய சப்பாத்துகளைத்தான். ஊரே கூடியிருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தொடக்கப்பள்ளி ஆண்டு விழா என்றே நினைப்பார்கள், மீசைகள் மட்டும் இல்லாவிட்டால்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சொந்தக்காரர் வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்க வேண்டும், அதுதான் முறை. பூவாயி அவரை இடுப்பில் தூக்கி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அதன் நடுவில் இருந்த இடைவெளி வழியாக வெளியே பார்த்தார். கால்கள் சீட்டின் விளிம்பைக்கூடத் தாண்டவில்லை. புது லாரியின் வாசனை அவர் மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது.

"எட்டுதுங்களா?" என்று பூவாயி கேட்டாள்.

"எட்டலை" என்றார் அர்த்தநாரி. பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "பிரேக்கு எட்டலீங்க. இது எறக்கம். எடுத்தா நிக்காது."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. குட்டையாகிவிட்டேன் என்று ஊரில் இதுவரை எல்லோரும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், எட்டவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதீங்க" என்றார் பொங்கியண்ணன். "சாஸ்திரத்துக்கு ஒரு உருட்டு உருட்டுனாப் போதும். ஹேண்ட்பிரேக்கைத் தள்ளி வுடுங்க, பெரியவரு காத்துட்டிருக்காரு."

நிரஞ்சன் மேலேயிருந்து குனிந்தார். "பெடலை உயரமாக்கறது சின்ன வேலை சார். அடுத்த நிதி ஆரம்பிக்கிறோம், உங்க பிள்ளைங்க பேர்லயும் சேரலாம். அதுல வழிச்செலவா சேர்த்துக்கலாம்" என்றார். ஊர் கைதட்டியது.

அர்த்தநாரி சுற்றிலும் பார்த்தார். ஹேண்ட்பிரேக் மட்டும் கைக்கு எட்டியது.

"சரிங்க. வழி உங்களுது, செலவு எங்களுது" என்று சொல்லிவிட்டுத் தள்ளினார்.

வண்டி எலுமிச்சம்பழங்களை முறையாக நசுக்கியது, நசுக்கிவிட்டு நிற்காமல் இறக்கத்தில் உருண்டது, ஊர் இரண்டு பக்கமும் சிதறி ஓடியது, முன்சக்கரம் போய் நிரஞ்சனின் வலது சப்பாத்தில் ஏறி, அது ஒரு மண்மேடு அளவுக்கு இருந்ததால் அங்கேயே நின்றது. நிரஞ்சனோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், அத்தனை தூரம் வலி ஏறிப் போக வேண்டுமே. ஏறிச் சேர்ந்ததும் அவர் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்தன. பூவாயி ஓடிப்போய்ப் புருஷனை வாரி எடுத்துக்கொண்டாள். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"இனி வண்டியை நான் ஓட்டறனுங்க" என்றாள், அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது. "நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க." அவர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வீடு வரும் வரைக்கும் அழுதார்.

நிரஞ்சனுக்குக் கட்டைவிரல் எலும்பு நொறுங்கிவிட்டது. அந்த அளவு விரலுக்கு இந்தியாவில் வைத்தியம் ஏது? ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். நிதி முடிந்து பணமும் பிரித்தாயிற்றே என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் தப்பு, அவருக்குக் கெடுதல் எப்போது வந்தாலும் செலவு முதலீட்டாளர்களைச் சேரும் என்பதும் அன்று மைக்கில் சொன்னதுதான். மறுநாள் காலை ஊர் மொத்தமும் ஒரு விரற்கடை குறைந்து எழுந்தது. பொங்கியண்ணன் தலைமையில் எல்லோரும் அர்த்தநாரி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், நிரஞ்சன் மேல் அல்ல, இவர் மேல்தான் ஆத்திரம்.

"ஒருத்தரு கால் வெரலுக்கு ஊரே கொறைஞ்சு நிக்குது" என்றார் பொங்கியண்ணன். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

பூவாயியின் இடுப்பில் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி தன் காலை நீட்டிப் பார்த்தார். நேற்று இருந்ததைவிட அதுவும் ஒரு விரற்கடை குறைந்துதான் இருந்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"மத்ததுக்கெல்லாம் கேட்டனுங்க, அண்ணா. இந்த ஒரு வழிச்செலவுக்கு மட்டும் நான் கணக்குக் கேக்க மாட்டேன்."